ஆங்கில மூலை: சீனப் பூங்காக்களின் பயிற்சிப் பேச்சும் பண்பாடு கடந்த நட்பும்

சீன நகரங்களின் பூங்காக்களிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், முன்பின் அறியாதவர்கள் கூடி ஆங்கிலத்தில் பேசிப் பழகுவார்கள். இந்தக் கூடுகைக்கு ‘யிங்யூ ஜியாவ்’ என்று பெயர். ‘யிங்யூ’ என்பது ஆங்கிலம். ‘ஜியாவ்’ என்பது மூலை. ஆசிரியர், பாடநூல், கட்டணம், வருகைப் பதிவேடு எதுவும் கிடையாது. வந்தவர்கள் நின்றபடியே பேசுவார்கள். பேச்சு பிடித்தால் அந்தக் கூட்டத்திலேயே நிற்பார்கள், பிடிக்காவிட்டால் பக்கத்துக் கூட்டத்துக்கு நகர்வார்கள். ஷாங்காயின் மக்கள் பூங்கா, பெய்ஜிங்கில் ஞாயிறு காலைகளில் கூட்டம் சேரும் ஊதா மூங்கில் பூங்கா, வெள்ளிக்கிழமை மாலைகளில் சேரும் ரென்மின் பல்கலைக்கழக வளாகம், ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரை ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை.

ஆங்கில மூலையைப் பற்றி இரண்டு கருத்துகள் வழக்கில் உள்ளன. அது மொழி கற்கும் எளிய உத்தி என்பது ஒன்று. நாடுகளுக்கிடையே நட்பு வளர்க்கும் பாலம் என்பது மற்றொன்று. முதல் கருத்தை ஏற்றால், அது அவ்வளவு நல்ல உத்தி அல்ல என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். பிழையோடு பேசுவோர் பிழையோடு பேசுவோரிடமே பழகும் இடம் அது. இரண்டாம் கருத்தை ஏற்றால், அங்கே வரும் வெளிநாட்டவர் மிகச் சிலரே என்ற உண்மை இடறுகிறது. மொழிப் பயிற்சி என்பது அங்கே முதன்மையாக ஒரு சாக்கு. அறிமுகமில்லாத இருவர் பேசிக்கொள்ள அது அனுமதி தருகிறது. அந்தச் சாக்கு இரு தரப்புக்கும் பயன்பட்டு, அதே இடத்தில் மீண்டும் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பும் இருந்தால் நட்பு பிறக்கிறது. ஒருவர் மட்டும் கொடுப்பவராகவும் மற்றவர் மட்டும் பெறுபவராகவும் நிலைத்துவிட்டால் ஆங்கிலம் வேண்டுமானால் வளரும், நட்பு வளராது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

தோற்றம்

1950-களில் சீனப் பள்ளிகளில் முதன்மை அயல்மொழி ரஷ்ய மொழி. சோவியத் ஒன்றியத்துடனான உறவு முறிந்தபின் 1960-களின் தொடக்கத்தில் ஆங்கிலம் மெல்ல அந்த இடத்துக்கு வந்தது. 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி அதையும் நிறுத்தியது. அடுத்த பத்தாண்டுகள் அயல்மொழி அறிவும் அயல்நாட்டுத் தொடர்பும் ஐயத்துக்குரியவையாக இருந்தன. வெளிநாட்டு வானொலியைக் கேட்டதாகக் குற்றம் சாட்டப்படும் அச்சம் வீடுகளுக்குள் இருந்தது.

1977 டிசம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் நடந்தது. சுமார் 57 லட்சம் பேர் எழுதினர். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு. எஞ்சியவர்கள் ஆலைக்கும் வயலுக்கும் திரும்பினாலும் படிக்கும் ஆசையை விடவில்லை. 1979 ஜனவரி 1 அன்று அமெரிக்காவுடன் தூதரக உறவு ஏற்பட்டது. 1982-இல் சீன மையத் தொலைக்காட்சி, பிபிசியின் ‘ஃபாலோ மீ’ ஆங்கிலப் பாடத்தை ஒளிபரப்பத் தொடங்கியது. 1983 முதல் நுழைவுத் தேர்வில் அயல்மொழித் தாளின் மதிப்பெண் முழுமையாகக் கணக்கில் சேர்ந்தது. வகுப்பறையில் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கிடைத்தன. பேச ஆள் கிடைக்கவில்லை. இந்தக் குறை தொடக்கத்திலேயே இருந்தது; அதிலிருந்து 1970-களின் இறுதியில் ஷாங்காய் மக்கள் பூங்காவில் பிறந்த கூடுகையையே முதல் ஆங்கில மூலை என்று பரவலாகக் கூறுவர். முன்பு பிரிட்டிஷார் நடத்திய குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலம் அது. இன்று அதே பூங்காவில், பெற்றோர் தம் மக்களின் வயது, படிப்பு, சம்பளம் ஆகியவற்றைத் தாளில் எழுதி வரன் தேடும் ‘மணமூலை’யும் கூடுகிறது. அறிமுகமில்லாதவரிடம் பேச ஒரு காரணம் வேண்டும் என்னும் தேவையே இரண்டு மூலைகளுக்கும் வித்து.

அக்காலச் சீனத்தில் ‘நட்பு’ என்ற சொல்லே அரசின் சொல்லாக இருந்தது என்பதையும் கருத வேண்டும். வெளிநாட்டவர் எவரும் அறிவிப்புகளில் ‘வெளிநாட்டு நண்பர்’ எனப்பட்டனர். பெய்ஜிங்கில் 1954-இல் சோவியத் வல்லுநர்களுக்காகக் கட்டிய விடுதியின் பெயர் நட்பு விடுதி. வெளிநாட்டவர் பொருள் வாங்கும் கடை நட்பு அங்காடி. 1980 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை அவர்களுக்கென்றே தனி நாணயச் சீட்டு புழங்கியது. அந்த நட்பு அங்காடிக்குள் சாதாரணச் சீனர் எளிதில் நுழைய முடியவில்லை. மேலிருந்து ஏற்பாடு செய்யப்பட்ட இந்த நட்பு, பழகவிடாமல் காக்கும் வேலியாகவும் இருந்தது. பூங்கா மூலை எவரும் வரக்கூடிய இடம். அதன் புதுமை மொழியிலிருந்து வந்ததல்ல, இந்தத் திறந்த வெளியிலிருந்து வந்தது.

யாரோடு யார் பேசினர்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சீனப் பெருநிலத்தில் வாழ்ந்த வெளிநாட்டவர் 8,45,697 பேர். 141 கோடி மக்களிடையே இது பத்தாயிரத்துக்கு ஆறு பேர். 1980-களில் இவ்வளவும் இல்லை. ஆகவே ஆங்கில மூலையின் பேச்சு பெரும்பாலும் சீனருக்கும் சீனருக்கும் இடையிலான பேச்சே. இதை ஒரு குறையாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆய்வு நோக்கில் பார்த்தால் இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர், கடைச் சிப்பந்தி, முதலாண்டு மாணவி, வெளியூரிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஆகியோர் சீன மொழியில் ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை. பேசினாலும் யார் பெரியவர், யார் எந்த ஊர் என்பவை முதல் வாக்கியத்திலேயே வெளிப்பட்டுவிடும். சீனத்தில் ‘நீ’ என்றால் நீ, ‘நின்’ என்றால் நீங்கள். (சீன ‘நீ’யும் தமிழ் ‘நீ’யும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல், ஆனால் பெரியவரிடம் எதைச் சொல்வது என்ற தயக்கம் இரு மொழிக்காரருக்கும் பொது.) ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லை. மூலைக்கு வருவோர் தமக்கென ஓர் ஆங்கிலப் பெயரையும் சூட்டிக்கொள்வது வழக்கம். அந்தப் பெயருக்குக் குலமோ ஊரோ பதவியோ இல்லை. அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பெண் பெயர் சொல்லி அழைக்கலாம். இருவரும் சமமாகத் தடுமாறலாம். தடுமாற்றத்தில் கிடைக்கும் இந்தச் சமநிலை, சொந்த மொழியில் அவர்களுக்கு எளிதில் கிடைக்காதது.

சீனக் கடற்கரை நகரம் ஒன்றில் சிற்றுண்டிச் சாலையில் கூடிய ஆங்கிலக் குழுவைப் பற்றி ஷுவேசோங் காவ் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அதில் பங்கேற்றவர்கள் மொழித் தேர்ச்சியைவிடத் தோழமையையும் தம்மை வெளிப்படுத்தும் துணிவையும் பெரிதாகப் பேசியதைக் காட்டியது. பண்பாட்டு எல்லை நாட்டின் எல்லையோடு முடிவதில்லை. ஒரே நகரத்துக்குள் வயதும் வகுப்பும் வட்டார வழக்கும் எழுப்பிய சுவர்களையும் தாண்டியாக வேண்டியிருக்கிறது. ஆங்கில மூலை அவற்றைத் தாண்ட உதவியதென்றால், வெளிநாட்டவர் ஒருவர்கூட வராத நாளிலும் அது தன் வேலையைச் செய்தது என்றே கொள்ள வேண்டும்.

கேள்விகளின் பொருள்

ஆங்கில மூலைக்கு வந்துபோகும் வெளிநாட்டவர் அடிக்கடி சலிப்போடு சொல்வது, அங்கே கேட்கப்படும் கேள்விகள் மாறுவதே இல்லை என்பதாகும். எந்த நாடு, வந்து எத்தனை நாளாயிற்று, சீன உணவு பிடிக்குமா, குச்சியால் சாப்பிடத் தெரியுமா, வயது என்ன, திருமணம் ஆயிற்றா, சம்பளம் எவ்வளவு. முதல் நான்கும் வெறும் அறிமுகம். பிந்திய மூன்றும் ஆங்கிலேயரையோ அமெரிக்கரையோ திடுக்கிட வைக்கின்றன.

ஜென்னி தாமஸ் 1983-இல் எழுதிய கட்டுரையில், பண்பாடுகளுக்கிடையே நேரும் வழக்குப் பிழைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு தொடரின் பயன்பாட்டு வலிமையை அறியாததால் வருவது ஒன்று. எதை, யாரிடம் கேட்கலாம் என்ற சமூக மதிப்பீடு வேறுபடுவதால் வருவது மற்றொன்று. ‘சாப்பிட்டாயா?’ என்று பொருள்படும் சீன நலவிசாரிப்பை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால் கேட்டவர் அதை விருந்து அழைப்பாக எடுத்துக்கொள்வார். இது முதல் வகை. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘சாப்பாடு ஆச்சா?’ என்று கேட்டவர் இலை போடப்போகிறார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வயதைக் கேட்பது இரண்டாம் வகை. இதை வெறும் துருவல் என்று ஒதுக்குவது தவறு. சீனத்தில் மூத்த சகோதரன் ‘கெக’, இளைய சகோதரன் ‘தீதி’. அண்ணன் தம்பி என்ற வேறுபாடு தமிழில் இருப்பது போலவே. வயது தெரியாமல் ஒருவரை உறவோடு அழைக்க முடியாது. உறவோடு அழைக்காமல் நெருங்க முடியாது. அந்தக் கேள்வி மதிப்போடு நெருங்குவதற்கு எடுத்து வைக்கும் முதல் அடி. ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒரே சொல் போதுமானதால் கேள்விக்கு வேலை இல்லாமல் போகிறது. ஆனால் பழக்கத்தால் கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. வெளிநாட்டவர் இதைப் புரிந்துகொள்ளும்போதும், சீனர் அவர் ஏன் முகம் சுளித்தார் என்று அறியும்போதும்தான் உண்மையான பண்பாட்டுப் பாடம் நடக்கிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு அலகு ஒதுக்கப்படுவதில்லை.

மானிடவியலர் மாலினோவ்ஸ்கி 1923-இல், செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவைப் பேணுவதற்காகவே நிகழும் பேச்சைத் தனியே இனங்கண்டார். வானிலையைப் பற்றிய பேச்சும் நலம் விசாரிப்பும் இந்த வகை. மாறாத கேள்விகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவை சலிப்புக்குரியவை அல்ல. முதல் வாரம் கேட்ட கேள்வியை மூன்றாம் வாரமும் அதே ஆளிடம் யாரும் கேட்பதில்லை. புதுக் கேள்வி வரும் வரை அதே இருவர் சந்திக்கிறார்களா என்பதே நட்பைத் தீர்மானிக்கிறது.

திருத்துவதும் விட்டுவிடுவதும்

இரண்டாம் மொழிக் கற்றல் ஆய்வில் மைக்கேல் லாங் 1980-களில் வளர்த்த ஊடாட்டக் கருதுகோள் பெயர் பெற்றது. புரியாத இடத்தில் நிறுத்தி, ‘என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்டு, வேறு சொல்லில் சொல்லவைத்துப் பொருளைப் பேரம் பேசும்போது மொழி கற்கப்படுகிறது என்பது அதன் சாரம். இதற்கு எதிர்த்திசையில் ஆலன் ஃபர்த் 1996-இல் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலம் எவருக்கும் தாய்மொழி அல்லாத வணிகத் தொலைபேசிப் பேச்சுகளில், புரியாத சொல்லையும் பிழையான தொடரையும் பேசுவோர் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றனர். பின்னால் தெளிவாகும் என்ற நம்பிக்கையில் பேச்சை ஓடவிடுகின்றனர்.

இவ்விரண்டு கண்டுபிடிப்புகளும் ஆங்கில மூலையில் நேருக்கு நேர் மோதுகின்றன. பயிற்சிக்கு நிறுத்தித் திருத்துவது வேண்டும். நட்புக்கு விட்டுக்கொடுத்து ஓடவிடுவது வேண்டும். தன் தாயின் நோயைப் பற்றி ஒருவர் சொல்லும்போது அவருடைய இறந்தகால வினையைத் திருத்துபவர் நண்பராக மாட்டார். எல்லாவற்றையும் விட்டுவிடுபவரிடம் மொழி வளராது. நல்ல பேச்சுத்துணை என்பவர் எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று அறிந்தவர். இந்த அறிவை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் கற்க முடியும். அதற்கு வாரங்கள் பிடிக்கும்.

சமனின்மை

கார்டன் ஆல்போர்ட் 1954-இல் முன்வைத்த தொடர்புக் கோட்பாடு, இரு குழுவினர் பழகுவதாலேயே முன்முடிவுகள் கரையும் என்று சொல்லவில்லை. சமநிலை, பொது நோக்கம், ஒத்துழைப்பு, நிறுவன ஆதரவு ஆகிய நான்கு நிபந்தனைகளை அது வைத்தது. தாமஸ் பெட்டிக்ரூ 1998-இல் ஐந்தாவதாக நட்புக்கான வாய்ப்பைச் சேர்த்தார். அவரும் லிண்டா டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, பொதுவாகத் தொடர்பு முன்முடிவைக் குறைக்கிறது என்று கண்டனர்.

ஆங்கில மூலையில் இந்த நிபந்தனைகளுள் முதலாவதே பெரும்பாலும் தவறுகிறது. வெளிநாட்டவர் ஒருவர் வந்து நின்றால் நொடியில் இருபது பேர் சூழ்வார்கள். அவர் பேச, இருபது பேர் கேட்பார்கள். கேட்பவர் கண்ணில் அவர் ஆள் அல்லர், உச்சரிப்பு. மதிப்பு மிகுந்த இடத்தில் அவரை வைப்பதே அவரைத் தனிமைப்படுத்துகிறது. இரண்டு வாரத்தில் களைத்து வராமல் நின்றுவிடும் வெளிநாட்டவரைக் கர்வி என்று சொல்வதும், சூழ்ந்தவர்களைச் சுயநலமிகள் என்று சொல்வதும் நியாயமாகாது. ஆங்கிலத்துக்குச் சந்தையில் உள்ள விலையே அந்த வட்டத்தை உண்டாக்குகிறது. 1990-களில் தனியார் ஆங்கிலப் பயிற்சி பெருந்தொழிலானபின், மூலையில் இலவசமாகக் கிடைத்த பேச்சு வெளியே மணிக்கணக்கில் விலைபோயிற்று. அதனால் வட்டம் இன்னும் இறுகியது.

ஸ்டீபன் போக்னரும் உடனாய்வாளர்களும் 1977-இல் ஹவாயில் அயல்நாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களை ஆராய்ந்தபோது, சொந்த நாட்டவரோடு நெருக்கமும் உள்ளூரவரோடு பெரும்பாலும் காரியத் தொடர்பும் இருப்பதைக் கண்டனர். பயிற்சிப் பேச்சு காரியத் தொடர்பாகத் தொடங்குவதில் தவறில்லை. அந்தக் காரியம் ஒருவழியாகவே ஓடுவதுதான் கேடு.

ஒருவழிப் பேச்சு இருவழியாக மாறியதற்கு ஹாங்சோவிலிருந்து நன்கு பதிவான ஒரு சான்று உண்டு. பின்னாளில் அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் மா, பதின்ம வயதில் விடுதி வாசலில் வெளிநாட்டுப் பயணிகளைச் சந்தித்து, காசு வாங்காமல் ஊர் சுற்றிக் காட்டி ஆங்கிலம் பழகினார். 1980-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கென் மோர்லியின் குடும்பம் அப்படி அறிமுகமானது. அவர்கள் நாடு திரும்பியபின் கடிதங்கள் தொடர்ந்தன. வரிகளுக்கிடையே இடைவெளி விட்டு எழுதும்படி மோர்லி சொன்னார்; அந்த இடைவெளியில் பிழைகளைத் திருத்தி, தம் பதிலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினார். 1985-இல் ஜாக் மா நியூகாசில் நகரில் அவர்கள் வீட்டில் சென்று தங்கினார். சீனமே உலகின் செழித்த நாடு என்று கற்றுவளர்ந்த தமக்கு அந்தப் பயணம் கண்திறப்பாக இருந்தது என்று பின்னர் பலமுறை கூறியிருக்கிறார். மோர்லி 2004-இல் காலமானார். 2017-இல் அவர் நினைவாக நியூகாசில் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி அமெரிக்க டாலர் உதவித்தொகை நிதி வழங்கப்பட்டது.

இந்தக் கதை புகழ்பெற்றது செல்வத்தால். ஆய்வுக்கு உதவுவது அதன் தொடக்கம்தான். சிறுவனிடம் ஊர் அறிவு இருந்தது. வந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. அவர்களிடம் மொழி இருந்தது; அவனுக்கு அது தேவைப்பட்டது. கைமாற்று முதல் நாளிலேயே சமமாக இருந்தது. திருத்தத்துக்கென வரிகளுக்கிடையே விட்ட இடம், மேலே கண்ட மோதலுக்கும் ஒரு தீர்வு. செய்தி வரியில் ஓடியது, திருத்தம் இடைவெளியில் நின்றது, ஒன்று மற்றொன்றைக் குறுக்கிடவில்லை.

கடவுச்சீட்டு கேட்காத இடம்

சீனத்தில் ஆங்கில ஆசிரியராகப் பணி அனுமதி பெறப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற, ஆங்கிலம் தாய்மொழியாகக் கருதப்படும் நாடுகளின் கடவுச்சீட்டு கேட்கப்படுகிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பிரஜ் கச்ரு 1985-இல் வரைந்த மூன்று வட்டங்களில் இந்தியாவுக்கு இரண்டாம் வட்டம். சந்தையோ முதல் வட்டத்தை மட்டுமே மதிக்கிறது. பெருந்தொற்றுக்கு முன் சீனப் பல்கலைக்கழகங்களில் சுமார் 23,000 இந்திய மாணவர்கள் பயின்றனர். பெரும்பாலோர் ஆங்கில வழியில் மருத்துவம் கற்றவர்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களில் கணிசம். ஆங்கிலத்தை நாள்தோறும் பயன்படுத்தும் இவர்களுக்கு வகுப்பறையில் ஆசிரியர் நாற்காலி கிடையாது. வளாகத்து ஆங்கில மூலையில் யாரும் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை.

தாய்மொழியாளர் அல்லாதவரோடு பேசுவதால் கற்பவருக்கு இழப்பு என்ற எண்ணம் இன்னும் வலுவாக இருக்கிறது. ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000-இல் காட்டியதுபோல், உலகப் பொதுமொழியாகப் பழகும் ஆங்கிலத்தில் புரிதலைக் கெடுக்கும் ஒலிப் பிறழ்வுகள் சிலவே. மற்றவை வெறும் உச்சரிப்பு வேறுபாடுகள். சீன மாணவர் நாளை ஆங்கிலம் பேசப்போவது வியட்நாமியரோடும் பிரேசில்காரரோடும் இந்தியரோடும்தான். அந்தப் பேச்சுக்குப் பழக இந்திய மாணவரைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது.

இந்திய மருத்துவ மாணவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளிகள் ஆங்கிலம் பேசுவதில்லை. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, என்ன சாப்பிட்டீர்கள் என்று சீனத்தில் கேட்கத் தெரியாமல் மருத்துவமனைப் பயிற்சி நிறைவுறாது. எச்எஸ்கே எனப்படும் சீனமொழித் தேர்வின் நான்காம் நிலை இம்மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுகிறது. இரு தரப்புத் தேவைகளையும் இணைக்க ஒரு முன்மாதிரி உண்டு. ஐரோப்பாவில், 1963-இல் உருவான பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அமைப்பின் பயிற்சி வகுப்புகளைச் சார்ந்து வளர்ந்த ‘டான்டெம்’ முறையின் அடிப்படை விதி, இருவரும் நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்து இரு மொழியையும் பேசுவது. முதல் பாதியில் ஒருவர் தடுமாறுகிறார், அடுத்த பாதியில் மற்றவர் தடுமாறுகிறார். சமநிலைக்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

சீன வளாகங்களின் ஆங்கில மூலைகளில் இந்த விதி பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. அங்கே மருத்துவம் பயிலும் இந்திய மாணவர்களின் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களின் அயல்மாணவர் அலுவலகங்களும் சேர்ந்து அதைத் தொடங்கலாம்: வாரம் ஒரு மாலை, ஒரே இடம், அரைமணி ஆங்கிலம், அரைமணி சீனம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு மரத்தடி போதும்.